பூசணிக்காய்ப் பூதம் வாசலில் தொங்கட்டும், சாலையில் உடைய வேண்டாம்

"அப்பா, வெள்ளிக்கிழமைக்கு ஒரு பரங்கிக்காய் வேணும். சாம்பாருக்கு இல்ல, பேய் செய்ய!"

ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகள் இப்படிக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "ஏங்க, வெள்ளிக்கிழமையும் அதுவுமா வீட்டுல பேய் பொம்மையா? நல்லாவா இருக்கு?" என்று என்னைப் பார்த்தாள்.

2025 அக்டோபர் 31 வெள்ளிக்கிழமையாக அமைந்தது. அன்றைக்கு மேல்நாடுகளில் ஹாலோவீன் என்று ஒரு கொண்டாட்டம். பரங்கிக்காயைக் குடைந்து, கண், மூக்கு, கோரைப்பல் செதுக்கி, உள்ளே விளக்கு வைத்து வாசலில் வைப்பார்கள். கைப்பேசியில் பார்த்துப் பார்த்து நம் குழந்தைகளுக்கும் அந்த ஆசை வந்துவிட்டது. அந்தமானில் உள்ள நம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இதே பேச்சு நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இதைப் பற்றி நாலு வார்த்தை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எழுத எழுத, ஹாலோவீனை விட நம்முடைய பூசணிக்காயைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது என்று தெரிந்தது. அதற்குக் காரணம் உண்டு. பின்னால் சொல்கிறேன்.

பயணிகள் ரயில் ஓடாத தீவில் ரயில்வே குமாஸ்தாவாக இருப்பவன் நான். சென்னையிலும் கொல்கத்தாவிலும் இறங்கி ரயில் ஏறப் போகிறவர்களுக்கு இங்கே முன்பதிவுச் சீட்டு கொடுப்பது என் வேலை. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, ஊருக்குப் போகிறவர்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டே இருப்பவனுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். மனிதன் பிழைக்கப் போகும் இடத்துக்குப் பெட்டி படுக்கையோடு ஊர் வழக்கங்களையும் சேர்த்தே தூக்கிக்கொண்டு போகிறான்.

பேய் விளக்கு கப்பல் ஏறிய கதை

ஹாலோவீன் விளக்கின் கதையும் அதுதான். அது பிறந்தது அமெரிக்காவில் அல்ல, அயர்லாந்தில். அங்கே அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் இரவில் ஆவிகள் உலவும் என்று நம்பினார்கள். டர்னிப் என்னும் கிழங்கைக் குடைந்து, பயங்கர முகம் செதுக்கி, நெருப்பு வைத்து வாசலில் வைத்தார்கள்.

ஜாக் என்று ஒரு கஞ்சன் சாத்தானையே ஏமாற்றினானாம். செத்த பிறகு அவனுக்குச் சொர்க்கமும் இல்லை, நரகமும் இல்லை. கிழங்குக்குள் ஒரு கங்கைப் போட்டுக்கொண்டு அவன் இருட்டில் அலைகிறானாம். அந்த விளக்குக்கு ஜாக்கின் பெயரே நிலைத்துவிட்டது.

19-ம் நூற்றாண்டில் பஞ்சம் பிழைக்க அயர்லாந்துக்காரர்கள் கூட்டம் கூட்டமாக அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள். போன இடத்தில் பெரிது பெரிதாகப் பரங்கிக்காய் கிடைத்தது. குடைவதற்கும் எளிது. கிழங்கை விட்டார்கள், காயை எடுத்தார்கள். வழக்கம் நிலைத்தது, பொருள் மாறியது.

அந்தப் பரங்கிக்காயும் நம் ஊர்க் காய் அல்ல. அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தது. 'பரங்கி' என்ற பெயரே அது வெளிநாட்டுச் சரக்கு என்பதைச் சொல்லும். வந்த காயை நாம் சாம்பாரிலும் கூட்டிலும் போட்டு நம்முடையதாக்கிக்கொண்டோம். ஆகவே, 'அந்நிய நாட்டு வழக்கம்' என்று குழந்தைகள் மீது பாய்வதற்கு முன்னால், சாம்பாரில் மிதக்கும் துண்டைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

நம்மிடம் இல்லாத பூதமா?

பயங்கர முகம் வரைந்த காயை வாசலில் வைக்க நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் புதிதாக எழும்பும் எந்த வீட்டையும் பாருங்கள். உருட்டிய விழி, முறுக்கிய மீசை, தொங்கும் நாக்கு, இரண்டு கோரைப்பல்லோடு ஒரு வெள்ளைப் பூசணிக்காய் தொங்கும். கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாது என்பது நம் பெரியவர்கள் வாக்கு. வயலில் வைக்கோல் பொம்மை பறவைக்கு. வாசலில் பூசணிக்காய் பொறாமைக்கு.

இந்தத் தீவுகளில் நம்மோடு கலந்து வாழ்பவர்களும் இதற்கு விலக்கு அல்ல. 2011-ம் ஆண்டு மக்கள் கணக்குப்படி இங்கே நூற்றுக்குச் சுமார் 28 பேர் வங்காளி பேசுகிறவர்கள். தமிழ் பேசுகிறவர்கள் சுமார் 15 பேர். வங்காள அன்பர்கள் காளி பூஜைக்கு முந்திய இரவைப் 'பூத சதுர்த்தசி' என்று கொண்டாடுகிறார்கள். 14 விளக்கு ஏற்றி, 14 வகைக் கீரை சமைத்து, முன்னோர்களை நினைத்து, கெட்ட ஆவிகளை விலக்குவது அவர்கள் வழக்கம். நம் கிறிஸ்தவ சகோதரர்கள் நவம்பர் 2-ந் தேதி கல்லறைத் திருநாளில் மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். நாம் புரட்டாசியில் மகாளய அமாவாசைக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கிறோம். செத்தவர்களை நினைப்பதும் இருட்டுக்கு விளக்கு வைப்பதும் எல்லா ஊருக்கும் பொது.

எனவே என் மகள் கேட்டதில் எனக்குக் குற்றம் ஒன்றும் தெரியவில்லை. ஆனால், பூசணிக்காய் என்றதும் எனக்கு வேறு ஒன்று ஞாபகம் வந்தது. அதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

நான் உடைத்த காய்

2024 அக்டோபர் 11-ந் தேதி ஆயுத பூஜை. எங்கள் குடியிருப்பு மேட்டில் இருக்கிறது. போர்ட் பிளேர் என்று நாம் அழைத்துப் பழகி, 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய இந்த ஊரே மேடும் பள்ளமும்தான் என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். சாலை ஏறும், திரும்பும், சட்டென்று இறங்கும். மழையும் வருஷத்தில் பாதி நாளுக்கு மேல் நம்மை விடுவதில்லை.

அன்று இரவு ஸ்கூட்டர்களைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, பூஜை முடித்தோம். வெள்ளைப் பூசணிக்காயின் தலையில் துளை போட்டு, குங்குமத்தையும் சில்லறைக் காசுகளையும் போட்டு, மேலே கற்பூரம் ஏற்றி, மூன்று சுற்றுச் சுற்றினேன். திருப்பத்தில் கொண்டுபோய் ஓங்கி உடைத்தேன். குழந்தைகள் காசு பொறுக்க ஓடினார்கள். எல்லோரும் சுண்டல் தின்றோம். தூங்கப் போனோம். இரவில் தூறல் விழுந்தது.

விடியற்காலை ஒரு கொத்தனார் அந்த வழியாக ஸ்கூட்டரில் வந்தார். ராமநாதபுரம் பக்கத்து மனிதர். இங்கே வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. இருட்டு, இறக்கம், ஈரம், அதற்கு மேல் பூசணிச் சதை. வண்டி வழுக்கியது. வலது மணிக்கட்டு முறிந்தது.

பால்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இரண்டு நாள் நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. 'தெருவில் நாம் மட்டுமா உடைத்தோம்?' என்று மனசுக்குள்ளே வாதாடிக்கொண்டேன். திருப்பத்தில் உடைத்தவன் நான் ஒருவன்தான் என்பது எனக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு போய் உண்மையைச் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மாவுக்கட்டுப் போட்ட கையைப் பார்த்துவிட்டு, "பரவாயில்ல சார். உங்க திருஷ்டி கழிஞ்சிருச்சு. எனக்கு ஒட்டிக்கிருச்சு, அவ்வளவுதான்" என்றார்.

அவர் என்னை அடித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

கொத்தனாருக்கு வலது கைதான் சோறு. கரண்டி பிடிக்காத நாளுக்குக் கூலி இல்லை. மாதச் சம்பளக்காரனான நான் என்னால் முடிந்ததைக் கொடுத்தேன். இரண்டு மாதக் கூலிக்கு அது ஈடாகவில்லை. ஊரில் அவருடைய மகளுக்குக் கட்ட வேண்டிய பள்ளிக்கூடச் செலவு கடனாக ஏறியதை நான் அறிவேன்.

ஊர்த் தெரு வேறு, இந்தச் சாலை வேறு

நம் முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல. அவர்கள் காய் உடைத்த தெரு மண் தெரு. வந்த வண்டி மாட்டு வண்டி. உடைந்த துண்டுகளை விடிவதற்குள் ஆடும் மாடும் தின்றுவிடும். யாருக்கும் கெடுதல் இல்லை.

நாம் வழக்கத்தை மட்டும் எடுத்து வந்தோம். தெருவை எடுத்து வரவில்லை. தார்ச் சாலையில் பூசணிச் சதை விழுந்தால் எண்ணெய் கொட்டியது போலத்தான். இரண்டு சக்கர வண்டிக்காரர் பிரேக் போட்டால் வண்டி நிற்காது. இருட்டில் வெள்ளைச் சதை ஈரச் சாலையில் கண்ணுக்கும் தெரியாது. காசு பொறுக்கக் குழந்தைகள் சாலைக்கு ஓடுவது இன்னொரு ஆபத்து.

சென்னையிலும் பெங்களூரிலும் ஆயுத பூஜை வரும்போதெல்லாம், சாலையில் பூசணிக்காய் உடைக்காதீர்கள் என்று போலீசாரும் மாநகராட்சியும் வேண்டிக்கொள்வதைப் பத்திரிகைகளில் படிக்கிறோம். படித்துவிட்டுக் காய் வாங்கப் போகிறோம்! சட்டமும் சும்மா இருக்கவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 285-வது பிரிவுப்படி, பொது வழியில் பிறருக்கு ஆபத்தோ இடைஞ்சலோ உண்டாக்கினால் 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ஆனால் அபராதத்துக்குப் பயந்து திருந்த வேண்டிய விஷயமா இது? கீழே விழுகிறவர் நம் ஊர்க்காரராகவே இருப்பார் என்ற எண்ணம் போதாதா?

சாத்திரம் என்ன சொல்கிறது?

"முச்சந்தியில் உடைத்தால்தான் திருஷ்டி கழியும். வழக்கத்தை மாற்றக் கூடாது" என்று சில பெரியவர்கள் சொல்கிறார்கள். அவர்களுக்கு என் பணிவான பதில் இது.

உயிர்ப்பலிக்குப் பதிலாக வந்ததுதான் பூசணிக்காய் என்று பெரியவர்களே சொல்லிக் கேட்டிருக்கிறோம். குங்குமம் கலந்து சிவக்க வைப்பது இரத்தத்துக்குப் பதில்தான். ஆட்டை விட்டுக் காய்க்கு மாறியபோது சாமி கோபித்துக்கொள்ளவில்லை. அப்படியிருக்க, முச்சந்தியை விட்டு வீட்டு முற்றத்துக்கு மாறினால் மட்டும் கோபிக்குமா? உயிர் போகக் கூடாது என்று வந்த காயால் ஒருவர் கை கால் முறிந்தால், வழக்கம் பின்னோக்கிப் போய்விட்டது என்றுதானே அர்த்தம்? அயர்லாந்துக்காரர்கள் கிழங்கை விட்டுக் காய்க்கு மாறியும் அவர்கள் பண்டிகை அழியவில்லை. நம்முடையதும் அழியாது.

"நம் வழக்கத்தை மட்டும் குறை சொல்கிறாயே, ஹாலோவீன் மட்டும் ஒழுங்கா?" என்றும் கேட்கலாம். ஒழுங்கு என்று நான் சொல்லவில்லை. 2022 அக்டோபர் 29-ந் தேதி தென் கொரியத் தலைநகர் சோலில், ஹாலோவீன் கொண்டாடப் போன கூட்டம் ஒரு குறுகிய சந்தில் நெரிந்து 159 பேர் உயிர் இழந்தார்கள். பெரும்பாலும் இளம் வயதுப் பிள்ளைகள். பண்டிகை யாருடையதானாலும், பொது வழியை மறந்தால் பலி கேட்கும். நியாயம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

பூதம் செய்வது எப்படி?

சரி, மகள் கேட்ட பேய் என்ன ஆயிற்று? இரண்டு விதமாகவும் செய்து பார்த்தோம். குழந்தைகள் உள்ள வீட்டாருக்கு உதவும் என்று விவரம் தருகிறேன்.

பரங்கிக்காயில் செய்வதானால், அடி தட்டையாக உள்ள காயாக எடுக்க வேண்டும். மேல் மூடியை நேராக வெட்டாமல் கத்தியைச் சாய்த்து வெட்டினால், மூடி உள்ளே விழாமல் உட்காரும். இந்த வேலை பெரியவர்களுடையது. கரண்டியால் விதையையும் சதையையும் சுரண்டி எடுக்கலாம். சதை கூட்டுக்கு ஆகும். விதையைக் கழுவிக் காயவைத்து வறுத்தால் கொறிக்கலாம். முகத்தைக் கரித்துண்டால் வரைந்துகொண்டு பிறகு செதுக்க வேண்டும். மெழுகுவத்தியை விடச் சிறிய பேட்டரி விளக்கே நல்லது. ஒன்று ஞாபகம் இருக்கட்டும். குளிர் நாட்டில் பல நாள் இருக்கும் காய், இந்தப் புழுக்கத்தில் இரண்டு மூன்று நாளில் பூசணம் பிடித்துவிடும். குடைந்த கூட்டை வெளியில் போட்டால் மழைத் தண்ணீர் தேங்கிக் கொசு வளர்க்கும். இந்தத் தீவில் கொசுவுக்கு நாம் தனியாக வீடு கட்டித் தர வேண்டியதில்லை.

வெள்ளைப் பூசணிக்காய்க்கு இந்தத் தொல்லை கிடையாது. அதை வெட்டவே வேண்டாம். முற்றிய காயின் மேல் வெள்ளையாகப் படிந்திருக்கும் மெழுகுப் பூச்சுதான் அதற்குச் சட்டை. அதனால்தான் முழுக் காய் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கிறது. முகம் வரையும் இடத்தில் மட்டும் துணியால் துடைத்து, கரியால் புருவமும் மீசையும், சுண்ணாம்பால் பல்லும் விழியும், குங்குமத்தைக் குழைத்து நாக்கும் வரைந்தால் போதும். கயிற்றில் உறி கட்டி மழை படாத இடத்தில் தொங்கவிடலாம்.

எங்கள் வீட்டுக் காயில் அந்த முகத்தை வரைந்தது யார் தெரியுமா? அதே கொத்தனார்தான். "கட்டுற ஒவ்வொரு வீட்டுக்கும் நான்தானே சார் வரைஞ்சு தொங்க விடுறேன்" என்று வந்து உட்கார்ந்துவிட்டார். ஆறிய வலது கையாலேயே வரைந்தார். மணிக்கட்டு இன்னும் முழுசாக மடங்கவில்லை. மீசையின் ஒரு பக்கம் கொஞ்சம் கோணிக்கொண்டது. என் மகள், "அப்படியே இருக்கட்டும் மாமா, அதுதான் பயமா இருக்கு" என்றாள். வெள்ளிக்கிழமை என்று முதலில் முகம் சுளித்த என் மனைவி, "திருஷ்டிப் பூசணின்னா சரிதான்" என்று அவருக்குக் காபி கொண்டுவந்தாள். அயர்லாந்து ஜாக்கும் ராமநாதபுரத்துப் பூதமும் எங்கள் வாசலில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். ஜாக் மூன்றாம் நாள் நாறிவிட்டார். நம் பூதம் இன்னும் தொங்குகிறது.

செய்ய வேண்டியவை

வழக்கத்தை விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உழைக்கிறவன் தன் கருவிக்குப் பொட்டு வைக்கும் ஒரு நாள் இருக்கத்தான் வேண்டும். நான் கேட்பது நான்கே காரியங்கள்.

முதலாவது, காயை நம் முற்றத்திலோ, கடைக்குப் பின்புறத்திலோ, ஒரு சாக்கின் மேல் உடைக்கலாம். முற்றம் இல்லாத வீடுகளும் கடைகளும் சேர்ந்து, வண்டி போகாத ஒரு மூலையை வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, உடைத்தவரே சாக்கைச் சுருட்டி எடுக்க வேண்டும். துண்டுகளைக் குழியில் போட்டால் செடிக்கு உரம். சாலையை மறுநாள் கூட்டப் போகும் துப்புரவுத் தொழிலாளியும் அன்றைக்குப் பண்டிகை கொண்டாடியவர்தான்.

மூன்றாவது, காசைக் காய்க்குள் போடாமல் குழந்தைகள் கையில் கொடுத்துவிடலாம்.

நான்காவது, நம் தமிழ்ச் சங்கங்களும் கோவில் நிர்வாகிகளும் நவராத்திரி நாட்களில் ஒலிபெருக்கியில் இதை ஒரு முறை சொன்னால் போதும். நம்மவர்கள் போலீஸ் சொன்னால் முறைப்பார்கள். கோவிலில் சொன்னால் கேட்பார்கள்.

கப்பலில் மூன்று நாள் கடல் தாண்டி வந்து பிழைப்பவர்கள் நாம். இங்கே ஒருவர் படுத்துவிட்டால் ஓடி வர அண்ணன் தம்பி கிடையாது. பக்கத்து வீட்டுத் தமிழன்தான் அண்ணன் தம்பி. அவன் வண்டி ஓட்டி வரும் வழியில் நம் திருஷ்டியைக் கொட்டி வைப்பது முறையல்ல.

அடுத்த ஆயுத பூஜைக்கு நானும் பூசணிக்காய் வாங்குவேன். கற்பூரம் ஏற்றிச் சுற்றுவேன். ஆனால் வாசற்படி தாண்ட மாட்டேன். அன்பர்களும் அப்படியே செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.